ஸ்வீட்டியின் நிழல் ஊர் மாறிய கதை

2022 நவம்பர் பதினான்காம் தேதி முதல் ஸ்வீட்டியின் நிழல் பின்லாந்து நாட்டுச் சூரியனுக்கு விழ ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு வயது ஐந்து, உயரம் மூன்றடி நான்கு அங்குலம், இருப்பிடம் தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் தனசீலன் வீடு. பதிமூன்று நாள் வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சந்தில் இரண்டு பக்கமும் மாடிக்கு மேல் மாடி ஏற்றி, அதற்கும் மேல் தகரமும் நீலத் தார்ப்பாயும் போட்டு, வானத்தை ஒரு முழ அகலத்துக்குக் குறுக்கிவிட்டார்கள். பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியும். அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் நிழலைப் பார்க்க வேண்டுமானால் மெயின் ரோட்டுக்கு வரவேண்டும். மெயின் ரோட்டுக்கு வருகிறவர்களுக்கு பஸ்ஸைப் பார்க்கவே நேரம் போதாது.

தனசீலன் டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலைகளில் காண்ட்ராக்டில் குழாய் வெல்டிங் பார்க்கிறவர். நாசரேத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து ஏறிய ஆள், ஐம்பத்தேழு ஆகியும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மனைவி அன்னமேரி. ஒரே மகள் ஷைனி ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை போய்விடும். செம்பூரில் இருக்கும் ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு இவர்கள் வீடு ஒரு வளர்ப்பு வீடு. தத்துக் கொடுக்கப்படும் குழந்தைகள், பெற்றோர் அமைந்து காகிதமெல்லாம் முடியும்வரை, தொட்டில் வரிசையில் கிடக்காமல் ஒரு குடும்பத்தில் இருக்கட்டும் என்று இல்லம் செய்த ஏற்பாடு. தாராவி, செம்பூர், மாட்டுங்கா, டிராம்பே என்று பதினேழு வீடுகள் இப்படி இருந்தன. மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினேழு வீட்டாரும் செம்பூர் இல்லத்தின் மாடியில் கூடி, டீ குடித்து, அனுப்பிவிட்ட குழந்தைகளைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அழுகிறவர்களுக்கு இரண்டாவது வடை கொடுப்பது வழக்கம்.

ஸ்வீட்டி தனசீலன் வீட்டுக்கு மூன்றாவது குழந்தை. முதல் இரண்டும் எட்டு மாதத்திலும் பதினொரு மாதத்திலும் புறப்பட்டுவிட்டன. இவள் மூன்று வயதில் வந்தாள். இடது பாதம் உள்பக்கம் வளைந்து பிறந்தவள். ஆபரேஷன் முடிந்தும் காலை இழுத்துத்தான் நடப்பாள். கல்யாண் ஸ்டேஷனில் கிடைத்த கைக்குழந்தைக்கு இல்லத்து ஆயா கூப்பிட்ட பெயரே ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. இந்தியாவுக்குள் ஏழு தம்பதிகள் அவள் படத்தைப் பார்த்தார்கள், ஏழு பேரும் பாதத்தைப் பற்றிக் கேட்டார்கள், பிறகு போன் செய்யவில்லை. தனசீலனும் அன்னமேரியும் மனசு கேட்காமல் தாங்களே தத்தெடுக்கலாமா என்று விசாரித்தார்கள். இருவர் வயதையும் கூட்டினால் சட்டம் சொல்லும் எண்ணைத் தாண்டியது. கடைசியில் பின்லாந்தில் ஒலு என்ற ஊரிலிருந்து ஹெய்க்கி, ரீத்தா என்ற தம்பதி சம்மதம் எழுதினார்கள். அவர்கள் பாதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டார்கள். ரீத்தா என்ற பெயரைக் கேட்டதும், நாசரேத்தில் தன் சித்தி ஒருத்திக்கு இதே பெயர் என்று அன்னமேரிக்குப் பாதி பயம் போயிற்று. அந்தச் சம்மதக் கடிதத்தின் தேதிதான் நவம்பர் பதினான்கு.

பதினான்காம் நாள் ஞாயிறு. மாட்டுங்கா ஃபைவ் கார்டன் பார்க்குக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தார் தனசீலன். மணி மூன்று இருக்கும். அங்கே பிள்ளைகள் நிழல் மிதிக்கும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிழலை இன்னொருவர் மிதித்துவிட்டால் மிதிபட்டவர் அவுட். ஸ்வீட்டி சேர்ந்த மறு நிமிடமே அவுட் ஆனாள். மறுபடி சேர்ந்தாள், மறுபடி அவுட். காலால் ஓட முடியாததால் என்றுதான் தனசீலன் நினைத்தார். எழுந்து போய்ப் பார்த்தபோது மற்றப் பிள்ளைகளின் நிழல் அவரவர் பக்கத்தில் ஒழுங்காகக் கிடந்தது. இவளுடையது மட்டும் ஐம்பது அடி நீளத்துக்கு வடக்கே ஓடி, புல்வெளி, நடைபாதை, சோளம் சுடுகிறவனின் தள்ளுவண்டி எல்லாவற்றையும் தாண்டி எதிர்ச்சுவரில் தலையைச் சாய்த்திருந்தது. பார்க்கில் வாக்கிங் போகிறவர்கள்கூட அதை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். இத்தனை பெரிய நிழலை வைத்துக்கொண்டு யார் ஜெயிக்க முடியும்?

காரணத்தைக் கண்டுபிடித்தது ஷைனி. கம்பெனியில் ஐரோப்பிய நேரத்துக்கு வேலை பார்த்துப் பழகியவள். மொபைலில் ஒலு ஊரின் சூரியோதயம், அஸ்தமனம் இரண்டையும் எடுத்து, குழந்தையை மூன்று நாள் மொட்டை மாடியில் நிறுத்திச் சரிபார்த்தாள். ஒரு நிமிடம் பிசகவில்லை. அங்கே விடியும்வரை இவளுக்கு நிழலே கிடையாது. அங்கே பொழுது சாய்ந்ததும் நிழல் போய்விடும். டிசம்பரில் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்தரை வரை மட்டும் வந்தது, மெலிந்து நீண்டு. அடுத்த ஜூலையில் மும்பையில் எட்டு நாள் சூரியனே தெரியாமல் மழை கொட்டியபோது, நகரத்தில் ஒரு கோடிப் பேருக்கு நிழல் இல்லாமல் ஸ்வீட்டிக்கு மட்டும் வெட்டி வைத்த மாதிரி நிழல் விழுந்தது. சந்தில் அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு எழுந்தது. ஆனால் அந்த மாதம் தக்காளி கிலோ நூற்றைம்பதுக்கு மேல் போனதால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு வருடம் இப்படியே போயிற்று. காகிதங்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போயின, சட்டம் மாறியது என்று திரும்பி வந்தன, மறுபடி புறப்பட்டன. அந்த வருடத்தில் ஸ்வீட்டி மெழுகுக் குச்சியில் வீட்டுச் சுவர் முழுவதும் மஞ்சள் அடித்தாள், முள்ளெடுத்து மீன் தின்னப் பழகினாள், அவள் பெரியப்பா என்று கூப்பிடும் தனசீலன் வேலையிலிருந்து வருகிற செருப்புச் சத்தத்தைச் சந்தின் முனையிலேயே அடையாளம் சொன்னாள். தினமும் அவள் பாதத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, டாக்டர் சொன்ன மாதிரி வெளிப்பக்கம் திருப்பி நீவிவிடுவது தனசீலன் வேலை. இரும்புக் குழாயைப் பிடித்துக் காய்த்துப்போன கை அது. அவளுக்கு அது கூசும், சிரிப்பாள். அந்தச் சிரிப்பு தனக்கு என்று வைத்துக்கொள்ளக் கூடாத பொருள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வைத்துக்கொண்டார்.

2023 டிசம்பரில் அவர் ஒரு காரியம் செய்தார். அவர்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம் உண்டு. வாசலில் ஒரு மரப்பெட்டி. ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிப் போட்டால் பாஸ்டர் பெயர் சொல்லாமல் வாசிப்பார், வந்திருக்கிற எல்லாரும் அதற்காக ஜெபிப்பார்கள். மகளுக்கு வரன், மகனுக்கு விசா, கணவருக்குக் குடி நிற்க வேண்டும் என்று வருவதுதான் வழக்கம். தனசீலன் எழுதினார்: குழந்தையின் நிழல் இந்த ஊருக்கே திரும்ப வேண்டும். அந்த நிழல் எங்கே போயிருக்கிறது, ஏன் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் எழுதினார். சபையில் பெரும்பாலோர், காலை ஆராதனை முடிந்து வெயிலில் நிற்கும்போது நிழல் இல்லாத அந்தக் குழந்தையைப் பார்த்து மனம் கலங்கியவர்கள். ஏதோ சீக்கு என்றே நினைத்தார்கள். ஆகவே இருபத்தொரு நாள் சங்கிலி ஜெபம் வைத்துவிட்டார்கள். அறுபது வீட்டில் மூன்று வாரம் ஆளுக்கொரு மணி நேரம் முழங்காலில் நின்றார்கள். நல்ல மனதோடு இவ்வளவு தப்பான ஒன்றைக் கேட்டது அந்தச் சபையின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

ஜெபம் கேட்கப்பட்டது. ஜனவரியில் மத்தியான நிழல் குட்டையானது. பிப்ரவரியில் காலை பதினொரு மணிக்கு அவள் காலடியில் பால் கலந்த டீ நிறத்தில் ஒரு மங்கல் தெரிந்தது. மார்ச் இரண்டாம் வாரம் மற்றப் பிள்ளைகளைப் போல அவளுக்கும் கறுப்பாக, ஒழுங்காக, தாராவி நிழல் விழுந்தது. சாட்சி சொல்லும் நேரத்தில் நான்கு பேர் எழுந்து நன்றி சொன்னார்கள். ஈஸ்டருக்குத் தனசீலன் அவளுக்கு மஞ்சள் கவுன் வாங்கிக் கொடுத்தார். அந்த மூன்று வாரம் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதைப் பிற்பாடு அவரே வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

ஏப்ரலில் செம்பூர் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒலுவிலிருந்து மெயில் வந்திருந்தது. இனிமேலும் காத்திருக்கத் தெம்பில்லை, விலகிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம், ஜூன் கடைசிக்குள் முடிவு சொல்கிறோம், குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இல்லத்துப் பொறுப்பாளர் சுற்றி வளைக்கவில்லை. இவர்கள் விலகினால் ஏழு வயதை நெருங்கும், கால் ஊனமுள்ள பெண்ணுக்கு வேறு வீடு அமைவது கஷ்டம். தனசீலன் வீட்டு வளர்ப்பு அனுமதியும் அடுத்த வருடத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு உல்லாஸ்நகர் பக்கம் ஒரு ஹாஸ்டல். நூற்றுப் பத்துப் பிள்ளைகள், வரிசையாகக் கட்டில். நிழலைத் திரும்ப வாங்கினால் குழந்தையும் தங்கிவிடும் என்று அவர் போட்ட கணக்கு அந்த அறையிலேயே உடைந்தது.

டிராம்பே பஸ்ஸில் இரண்டு நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். மூன்றாம் நாள், அன்னமேரி அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, அடுப்படி நிலையில் நின்றபடியே சீட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் தண்ணீரை வடித்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

“நீங்க மட்டுமா போட்டீங்க? நானும்லா போட்டேன்.”

பாஸ்டர் கையெழுத்து வித்தியாசத்தைக் கவனித்தும் ஒரே விண்ணப்பம்தானே என்று சேர்த்து வாசித்திருக்கிறார். இருவரும் அவரிடம் போனார்கள். கேட்ட ஜெபத்தை வாபஸ் வாங்குவதற்கு என்ன முறை என்று அவருக்கும் தெரியவில்லை. தான் படித்த காலத்தில் அது பாடத்தில் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை தனசீலன் சாட்சி நேரத்தில் எழுந்து, எல்லாரையும் தான் ஏமாற்றியதைச் சொன்னார். எதையும் விடவில்லை. பிறகு அதே அறுபது வீடும், அதே முழங்காலில், இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக ஜெபித்தன. ஒன்றும் நடக்கவில்லை. நிழல் தாராவியில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. மேலே அலுத்துப் போயிருக்கலாம்.

மே மாதம் முதல் சனிக்கிழமை செம்பூர் மாடியில் தனசீலனுக்கு இரண்டாவது வடை கிடைத்தது. சீட்டுப் போட்டது முதல் சபையில் எழுந்து நின்றது வரை பதினேழு வீட்டாருக்கும் சொன்னார். அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு காலத்தில் அப்படி ஒரு சீட்டை மனதுக்குள்ளாவது எழுதியவர்கள். டிராம்பேயை ஒட்டிய சீட்டா கேம்பில் பேக்கரி வைத்திருக்கும் நசீர், தன் வீட்டில் வளர்ந்த பையனின் பாஸ்போர்ட் வந்த அன்று அதை மைதா மூட்டைக்குள் ஒளித்து வைத்ததாகவும், ஒரு நாள் கழித்து மாவை உதறி எடுத்துக் கொடுத்ததாகவும் முதல் தடவையாகச் சொன்னார். மாட்டுங்கா சுப்புலக்ஷ்மி மாமி பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஆறு குழந்தைகளை அனுப்பியவர். எல்லாரும் பேசி முடிக்கும்வரை டீயை ஆற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“சாமிக்கு எழுதினதெல்லாம் போதும். அந்த ஒலுக்காராளுக்கு எழுதுங்கோ. அவாளும் தனியாத்தானே உக்காந்துண்டிருக்கா.”

அது யாருக்கும் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். வளர்க்கிற வீடுகள் ஒன்றுக்கொன்று வடை கொடுத்துத் தேற்றிக்கொண்டன. காத்திருக்கிற வீட்டுக்கு யார் கொடுத்தார்கள்? இல்லத்தின் மூலமாகப் பதினேழு வீட்டாரும் எழுதினார்கள். நசீர், இத்தாலிக்குப் போன அந்தப் பையனுக்காக அங்குள்ள பெற்றோர் இருபத்தெட்டு மாதம் காத்திருந்ததைச் சொல்லி, அவன் இப்போது பருப்பை முள்கரண்டியில் சாப்பிட முயலும் வீடியோவையும் சேர்த்து அனுப்பினார். அந்த இத்தாலிக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டுத் தாங்களே ஒலுவுக்கு போன் செய்தார்கள். ஸ்பெயினிலிருந்து ஒரு வீடும் மால்டாவிலிருந்து ஒரு வீடும் அதைப் பின்பற்றின. காத்திருந்தவர்கள், காத்திருப்பவர்களுக்கு என்ன சொல்வார்களோ அதைச் சொன்னார்கள். வரப்போகும் குழந்தைக்கென்று ஒழுங்கு செய்து பத்து மாதம் பூட்டிக் கிடந்த அறையில் தானே போய்ப் படுத்துத் தூங்கியதை மால்டாக்காரர் சொன்னாராம்.

தனசீலன் கடிதம் நீளமானது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல ஷைனி ஆங்கிலத்தில் அடித்தாள். பாதத்தை எப்படி நீவுவது, எந்தப் பக்கம் திருப்புவது. பொய் சொன்னால் அவள் தன் இடது காலைப் பார்ப்பாள். குக்கர் விசிலுக்குப் பயப்படுவாள், ரயிலுக்குப் பயப்பட மாட்டாள். மஞ்சள்தான் பிடிக்கும், முதலிலேயே கேட்டிருந்தீர்கள், பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அதுவரை சரி. நிழலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் ஷைனி கையை எடுத்துவிட்டாள். இதை எழுதினால் இத்தனை நாள் ஒரு பைத்தியக்கார வீட்டிலா குழந்தை வளர்ந்தது என்று இன்னும் பயந்து ஓடிவிடுவார்கள் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

“எழுதும்மா. நான் செஞ்சத நான்தான சொல்லணும்.”

எழுதினாள். உங்கள் ஊர் வெயிலுக்கு அவள் நிழல் விழுந்தது, நாங்கள்தான் ஆசைப்பட்டு அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டோம், அதனால் உங்கள் மனம் தளர்ந்திருந்தால் குற்றம் எங்களுடையது, மன்னித்துக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் பதில் இல்லை. ஜூன் நடுவில் ரீத்தாவிடமிருந்து வந்தது. ஷைனி வாய்விட்டு வாசித்து, பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். சம்மதம் எழுதிய நாளிலிருந்து அவர்கள் வீட்டு முற்றத்துப் பனியின் மேல், வெயில் இருக்கும்போதெல்லாம், ஒரு குழந்தையின் நிழல் நடமாடிக்கொண்டிருந்ததாம். குழந்தை இல்லை, நிழல் மட்டும். இடது காலை இழுத்து நடந்ததால் யார் என்று அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஹெய்க்கி பனி அள்ளும்போது அந்த இடத்தை விட்டுவிட்டு அள்ளினார். கோடையில் புல் வெட்டும்போதும் அப்படித்தான். இதை வெளியே சொன்னால் வீட்டைச் சோதிக்க வரும் அதிகாரிகள் தங்களைப் புத்தி சரியில்லாதவர்கள் என்று எழுதிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. மார்ச்சில் ஒரு நாள் நிழல் காணாமல் போயிற்று. குழந்தைக்குத் தங்களைப் பிடிக்கவில்லை போலும் என்று ரீத்தா மூன்று நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. காகிதம் தாமதமானது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்று நாங்கள் இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து அழுதோம், விலகும் பேச்சை மறந்துவிடுங்கள், நீங்கள் கேட்டு வாங்கியதில் ஒரு தப்பும் இல்லை, நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று முடித்திருந்தாள். அன்னமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சித்தி பெயர் வைத்தவள் சித்தி மாதிரியே பேசுகிறாள் என்றாள். இரண்டு நாள் கழித்து, மழையில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, ஸ்வீட்டியின் காலடியிலிருந்து வடக்கே நிழல் மறுபடி புறப்பட்டது.

அதற்குப் பிறகு காகிதங்கள் வெட்கப்பட்ட மாதிரி வேகமாக நகர்ந்தன. அக்டோபரில் ஹெய்க்கியும் ரீத்தாவும் வந்தார்கள். சந்தில் ஹெய்க்கி குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. தனசீலன் அவருக்குப் பாதத்தை நீவிக் காட்டினார். ஹெய்க்கியின் கையும் காய்த்த கைதான், மரவேலை செய்கிறவர். ஸ்வீட்டி அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து, தனசீலன் கையையும் தொட்டுப் பார்த்து, இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினாள். ஏர்போர்ட்டில் அன்னமேரி அழவில்லை. தனசீலன் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. அடுத்த முதல் சனிக்கிழமை அவர்களுக்கு மூன்று வடை வந்தது.

2025 ஜனவரியில் ரீத்தாவிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. விமானம் இறங்கிய நாள் முதல் ஸ்வீட்டியின் நிழல் மும்பைச் சூரியனுக்கு விழுகிறது. விடியாத இருட்டில், காலை ஒன்பது மணிக்கு, பனியின் மேல் மத்தியான வெயிலில் நிற்பவள் போல நிற்கிறாள். டாக்டரிடம் காட்டினார்கள்; அவர் பார்த்து, எழுதிக்கொண்டு, சிகிச்சை தேவையில்லை என்றார். இதைச் சரிசெய்ய வேண்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம். கடிதத்தை ஷைனி வாசித்து முடித்தபோது தனசீலனும் அன்னமேரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை சீட்டுப் போட்டது யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இருக்கட்டும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பதில் போயிற்று.

கடிதத்தோடு ஒரு வீடியோவும் இருந்தது. பள்ளிக்கூட மைதானம், விளக்குக் கம்பம், மூச்சில் புகைவிடும் பதினைந்து பிள்ளைகள், நடுவில் மஞ்சள் கோட்டு. ஸ்வீட்டி அவர்களுக்கு நிழல் மிதிக்கும் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த இருட்டுக் காலத்தில் ஊரில் சூரிய நிழல் உள்ளவள் அவள் ஒருத்திதான் என்பதால் எல்லாரும் அவளுடையதைத்தான் மிதிக்க வேண்டும். ஆனால் அது மும்பை மத்தியான நிழல். குட்டையாக, அவளை ஒட்டியே கிடக்கிறது. மிதிக்க வருகிறவன் கையெட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும், வந்தால் அவள் பிடித்துவிடுவாள், பிடிபட்டவன் அவுட். ஓட வேண்டிய அவசியமே இல்லை. கேமராவைப் பார்த்து, மூச்சு வாங்க, அவள் சொன்னாள்:

“பெரியப்பா, ஒருத்தனாலயும் என்னைய மிதிக்க முடியல. ஒரு தடவகூட முடியல, ஏக் பார் பீ நஹீ.”

டிராம்பேயில் மதியச் சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு அடிக்கிறது. ஒலுவில் அப்போது காலை ஒன்பது, ஸ்வீட்டியின் பள்ளியில் இடைவேளை. தனசீலன் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து வெயிலில் நிற்பார். கூட வேலை பார்க்கிறவர்கள் முதலில் காரணம் கேட்டார்கள். சொன்னார். இப்போது அந்த நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை, நிழலை மிதித்துவிடாமல் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நடக்கிறார்கள்.